தேய்க்காமல் விட்ட கறை

வேலையை விட்டு நிறுத்தப்பட்ட மறுநாள் காலை, செல்வமேரி வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

வாழவந்தியிலிருந்து வரும் பஸ் அவளை ரிசார்ட் வளைவில் இறக்கிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, சாரலில் நனைந்தபடி மேடேறி வந்தாள். கேட்டில் நின்ற வாட்ச்மேன் சின்னத்தம்பிக்கு அவளைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அக்கா, உங்கள உள்ள விட வேண்டாம்னு மேனேஜர் சாரு சொல்லியிருக்காருங்க.”

“சொன்னாரா?”

“நேத்தே சொல்லிட்டாருங்க.”

“அவரு சொன்னத நீ எங்கிட்ட சொல்லிட்ட. உன் வேல முடிஞ்சுது சாமி. என் வேல உள்ள கெடக்குது. நகரு.”

சின்னத்தம்பி நகர்ந்துகொண்டான். அக்கா தன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு எல்லோரிடமும் சொன்னான். அது பச்சைப் பொய். செல்வமேரி தள்ளியிருந்தால் அவன் இன்றைக்கும் எழுந்திருக்க மாட்டான்.

நேராக நீச்சல் குளத்துக்குப் போய் விளிம்பில் நின்றாள். மற்றவர்களுக்கெல்லாம் அது நீச்சல் குளம்; அவளுக்கு மட்டும் தொட்டி. வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டிய உள்சுவரில் மயில் கழுத்து நிறத்தில் கறை இறங்கியிருந்தது. படிகளில் திட்டுத் திட்டாக, தரையில் மேகம் மேகமாக, ஆழமான பக்கத்து மூலைகளில் கறுப்பாகவே இருந்தது. அதைச் செய்தது செல்வமேரிதான் என்று ஏற்காடு பஜார் வரைக்கும் பேச்சு போய்விட்டது. அவள் செய்யவில்லை. செய்ததாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். சொல்லாததால்தான் வேலை போனது. வேலை போனாலும் பேர் போகக்கூடாது என்றுதான் பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

செல்வமேரியைப் பற்றி இந்த மலையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பிறந்தது எஸ்டேட் லைன் வீட்டில். காப்பிக்கு மருந்தடிக்கத் தண்ணீர் தேக்கிவைத்த சிமெண்டுத் தொட்டியில் யாருக்கும் தெரியாமல் இறங்கி நீந்தக் கற்றுக்கொண்டவள். கங்காணி பார்த்துவிட்டு வந்து சொல்ல, அப்பா ஈரப் பாவாடையோடு நிறுத்திவைத்து அடித்தார். பாவாடை காய்ந்ததும் மறுபடி போய் இறங்கினாள். கோயில் பாட்டுக் குழுவில் பெண்கள் பின்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றபோது, “பின்னால நின்னா ஆண்டவருக்குக் கேக்காதுங்க சாமி” என்று பங்குத் தந்தையிடமே சொன்னவள். சொன்னதோடு நிற்கவில்லை, அடுத்த ஞாயிறே முன்னால் போய் நின்றாள். ஜீப் ஓட்டுகிற மரியஜோசப் அவளைக் கட்டிக்கொண்டபோது, பாவம் மனுஷன் என்று ஊரே இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது.

இந்தத் தொட்டி கட்டும்போது அவள் சித்தாள். உள்பூச்சு பூசிய நாளை அவளால் மறக்கவே முடியாது. வெள்ளைச் சிமெண்டில் பளிங்குக் கல் பொடி கலந்து பூசுகிற வேலை அது. தொடங்கினால் நிறுத்தக்கூடாது. பாதியில் விட்டால் நேற்றுப் பூசியதும் இன்று பூசியதும் ஒட்டாமல் கோடு விழுந்துவிடும். அன்றைக்குப் பார்த்து மேகம் தரைக்கே இறங்கி வந்து உட்கார்ந்துகொண்டது. மேஸ்திரி மேகத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே பூசினார். செல்வமேரி கலவை சுமந்தாள், தார்ப்பாய் பிடித்தாள். மற்ற ஆட்கள் ஓய்ந்து உட்கார்ந்த பிறகு, படிகளுக்குக் கீழே இருக்கிற மூலைகளை ஈரப் பஞ்சால் வழித்து வழித்து வழவழப்பாக்கியது அவள் கைதான்.

தண்ணீர் நிரப்பும்போதும் அப்படித்தான். பாதியில் குழாயை நிறுத்தினால் நிறுத்திய மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு வளையம் விழும், பிறகு என்ன செய்தாலும் போகாது. நிற்காமல் நிரப்ப வேண்டும். நிரம்பிய பிறகு தினம் தினம் சுவரைத் துலக்கி, புதுப்பூச்சிலிருந்து உதிர்கிற வெள்ளை மாவை எடுக்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நாளைக்கென்று நிறுத்திவைத்தார்கள். அவள் போகவேயில்லை.

அன்று முதல் சுவர் அவளுடைய பொறுப்பு. சில்வர் ஓக் இலை ஓரிடத்தில் ஊறிக் கிடந்தால் தேநீர்க் கறைபோல் பழுப்பு விழும், விழுவதற்குள் அள்ளிவிடுவாள். வெயில் படாத வடக்கு மூலையில் பாசி கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கும். கை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கம்பி பிரஷ்ஷை யாராவது கொண்டுவந்தால் பிடுங்கித் தூர எறிவாள். “உன் முதுக இதால தேய்ப்பியா?” என்று கேட்பாள். பக்கத்து லாட்ஜுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் குளத்துச் சுவரில் என்ன வந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பேரைச் சம்பாதிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இவ்வளவு இருந்தும் ஒரு விதி மட்டும் அவளுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. குளத்தருகே பெரிய போர்டு: ஊழியர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. நீளக் கழியில் பிரஷ் மாட்டி விளிம்பில் நின்றுதான் தேய்க்க வேண்டும். தன் கையால் வழித்த மூலைகளை அவளால் மேலே நின்று பார்க்க மட்டும்தான் முடிந்தது.

மேனேஜர் தனபால் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவரும் மலைக்காரர்தான். அப்பாவுக்குக் காப்பித் தோட்டம், இவர் கொஞ்ச காலம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார், பிறகு சட்டையை இன் பண்ணிக்கொண்டு ரிசார்ட் மேனேஜர் ஆனார். குளத்தருகே நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து எல்லோரையும் அதட்டுவார். சேலத்திலிருந்து முதலாளியம்மா புவனாவின் போன் வந்தால் மட்டும் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசுவார்.

மே மாதக் கூட்டம் முடிகிற சமயம், நான்கைந்து நாள் மழை விடாமல் பெய்தது. செல்வமேரி தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சேலம் போயிருந்தாள். தண்ணீர் பச்சையாகிவிட்டது. சனி ஞாயிறுக்கு அறையெல்லாம் நிறைந்திருந்தது. தனபால் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை, மேனேஜர் இல்லையா? மருந்துக் கொட்டகையில் மயில்துத்தம் இருந்தது. மழைக்கு முன்னால் சுண்ணாம்போடு கலந்து காப்பிக்கும் மிளகுக்கும் அடிப்பார்களே, அந்த நீலக் கல். இலையில் பூஞ்சணம் பிடித்தால் துத்தம். கொடி அழுகினால் துத்தம். அப்படியென்றால் தண்ணீரில் பாசி பிடித்தாலும் துத்தம்தானே? காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு வேறெப்படித் தோன்றும். அள்ளிக் கொட்டினார்.

பாசி செத்தது என்னவோ உண்மை. தண்ணீர் நீலமாக மின்னியது. போட்டோ எடுத்து முதலாளியம்மாவுக்கு அனுப்பி, கைதட்டல் பொம்மையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் இன்னும் சுத்தமாகட்டும் என்று ப்ளீச்சிங் பவுடரை வேறு அள்ளிப் போட்டார். அங்கேதான் வினை. அதுவரை தண்ணீரில் கரைந்திருந்த துத்தம் இப்போது சுவரில் போய் அப்பிக்கொண்டது.

கல்யாணம் முடிந்து வந்த செல்வமேரி தொட்டியைப் பார்த்தாள். கொட்டகையில் காலியாகக் கிடந்த சாக்கைப் பார்த்தாள். தனபாலின் நகக்கண்ணில் இருந்த நீலத்தையும் பார்த்தாள். கேட்க வேண்டியது ஒன்றுமில்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு வெள்ளைத்தலைக்காரரால். சேலத்துப் பெரியவர் ஒருவர் காலையும் மாலையும் குளத்திலேயே கிடந்துவிட்டு ஊருக்குப் போனார். அங்கே அவர் மனைவி அவரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பஞ்சுபோல இருந்த முடியில் பச்சை ஏறியிருக்கிறது. அவர் முதலாளியம்மாவுக்கே போன் போட்டுவிட்டார். “ஏம்மா, உங்க குளத்துல குளிச்சா கிளியாயிருவமா?”

முதலாளியம்மா தனபாலுக்குப் போன் போட்டார். தனபால் எழுந்து நின்றார். வாயில் முதலில் வந்த பேரைச் சொல்லிவிட்டார்.

பிறகு செல்வமேரியைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரு வார்த்தம்மா. மேடம் கேட்டா, தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிரு. திட்டுவாங்க, அவ்வளவுதான். உன் வேலைக்கு நான் பொறுப்பு.”

“போட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க.”

“நான் சொன்னா என் வேல போயிருமே!”

“நான் சொன்னா என் பேரு போயிருமுங்களே சார். செவுத்துக்கு ஏதாச்சும்னா இந்த மலையில என்னயத்தான் கூப்புடுறாங்க. நானே தொட்டியில துத்தத்தக் கொட்டுனேன்னு ஆனா, நாளைக்கு எவன் கூப்புடுவான்?”

“அப்ப வேலைக்கு வராத.” இதையும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

வீட்டில் மரியஜோசப்பும் அதையேதான் சொன்னான்.

“ஒரு வார்த்ததான மேரி? சொல்லிட்டு வந்தா வாயில இருக்கிற முத்தா கொட்டிரும்?”

“ஏனுங்க, உங்க ஜீப்ப வேற எவனோ எடுத்துட்டுப் போயி கொண்டை ஊசி வளைவுல உருட்டிப்போட்டுட்டு, நான்தான் குடிச்சுட்டு ஓட்டுனேன்னு உங்களச் சொல்லச் சொன்னா சொல்லுவீங்களா?”

மரியஜோசப் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, “அது வேற” என்றான்.

“அதெப்படிங்க வேற? உங்களுக்கு வண்டி, எனக்குச் செவுரு. நான் நாளைக்குப் போறனுங்க. கறைய எடுத்துப்போட்டுட்டுத்தான் அந்த எடத்த விட்டு வருவேன். அதுக்கப்பறம் கழுத்தப் புடிச்சுத் தள்ளட்டும்.”

ஆக, வந்துவிட்டாள். தனபால் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார்.

“உன்னய யாரு உள்ள விட்டது? போலீசக் கூப்புடுவேன்.”

“கூப்புடுங்க சார். வரும்போது அந்தச் சாக்கையும் எடுத்துக் காட்டுறன்.”

தனபாலிடம் ஒரு திட்டம் இருந்தது. மேடம் சனிக்கிழமை வருகிறார். அதற்குள் தண்ணீரை மொத்தமாக வெளியே விட்டு, சேலத்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டால் கறையும் போகும், பேச்சும் போகும். செல்வமேரிக்கு அதைக் கேட்டதும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. முன்பொரு முறை ஆசிட் ஊற்றிக் கழுவியதில் சுவரின் மேல்தோல் போய், அந்தக் கோடை முழுக்கக் குழந்தைகளின் கால்விரல் உரசி ரத்தம் வந்தது. பத்தாததற்கு இது மழைக்காலம். கட்டும்போதே அடியில் ஊற்று கிளம்பி மேஸ்திரியை அழவைத்த இடம். மேலே தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால், கீழே ஊறுகிற தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது நடக்குமோ நடக்காதோ, சோதித்துப் பார்க்க அவள் தயாராக இல்லை.

“வால்வத் தொறங்கப்பா!” என்று தனபால் பம்ப் ரூம் பக்கம் பார்த்துக் கத்தினார்.

செல்வமேரி தூக்கைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். போர்டைத் தாண்டி, படியில் கால் வைத்து, ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் இறங்கினாள். மார்பளவுத் தண்ணீரில் போய் நின்றுகொண்டு, “தொறங்க பாப்போம்” என்றாள்.

சமையல்கட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆள் உள்ளே நிற்கும்போது அடைப்பைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தனபால் மிரட்டினார், கெஞ்சினார், குடையை ஆட்டினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மலைத் தண்ணீர் எலும்பு வரைக்கும் குளிர்ந்தது, பல் கிட்டித்துக்கொண்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து, காலுக்கடியில் தன் சுவர். தண்ணீருக்குள் கையை விட்டுப் படியின் அடிமூலையைத் தடவிப் பார்த்தாள். கறைதான் ஏறியிருக்கிறதே தவிர, பூச்சு இன்னும் வழவழப்பாகவே இருந்தது.

“எப்படியோ போ” என்றார் தனபால் கடைசியில். “சனிக்கிழமைக்குள்ள ஆகலன்னா அப்பறம் உன்பாடு மேடம்பாடு.”

கறையை எப்படி எடுப்பது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரிந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஒன்று மட்டும் தெரியும். துத்தம் என்பது செம்பு. பெருநாளுக்கு முன்னால் கோயில் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் எலுமிச்சை போட்டுத்தான் தேய்ப்பாள். ஒரு தொட்டிக்கு எலுமிச்சம்பழம் பிழிய முடியுமா? பஜாருக்குப் போய் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு வாங்கி வந்தாள். “எத்தன பேருக்கு ஊறுகாய் போடுறீங்க?” என்று கடைக்காரர் கேட்டார்.

முதல் முயற்சி வீணாகப் போனது. தனபால் போட்ட ப்ளீச்சிங்கின் வீரியம் தண்ணீரில் இன்னும் இருந்தது. உப்பு அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோனது. தண்ணீர் கழுநீர்போல் கலங்கியது, கறை இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். வாய்க்காரி அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ரொம்பக் கவனம்.

பிறகு நிதானமாக யோசித்தாள். குளத்தை மூடிவைத்து, ப்ளீச்சிங் கைபடாமல் ஓரிரு நாள் விட்டாள். வீரியம் அடங்கியதும், மகள் அபிஷாவின் பழைய பள்ளிக்கூடச் சாக்ஸில் எலுமிச்சை உப்பை நிரப்பி, வாயைக் கட்டி, தண்ணீரில் இறங்கி ஒரு கறையின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம். எடுத்துப் பார்த்தால், குழந்தை பாதம் வைத்ததுபோல வெள்ளையாக ஒரு தடம்.

“அடி ஆத்தே!” என்று அவள் போட்ட சத்தத்தில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு சுவருக்கும் அவளுக்கும்தான் பேச்சு. தண்ணீரில் உப்பைப் பரவலாகக் கரைத்துவிட்டு, நைலான் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்தாள். விடாப்பிடியான இடங்களுக்குச் சாக்ஸ். கரைந்து வந்த துத்தம் மறுபடி சுவரில் ஏறாதபடி கொஞ்சம் தண்ணீரை வெளியேவிட்டுக் கொஞ்சம் புதுத்தண்ணீரை நிரப்பினாள், ஒரேயடியாக இறக்கவில்லை. வெளியே போன தண்ணீர் சரிவில் இறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் போனது. காப்பிக்கென்று வாங்கிய துத்தம் கடைசியில் காப்பிக்கே போய்ச் சேர்ந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சுவர் வெளுக்க வெளுக்கத் தனபால் முகம் கொஞ்சம் தெளிந்தது. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம், “அங்க ஒண்ணு விட்டுட்டியேம்மா” என்றார். அவர் நாற்காலிக்கு நேர் எதிரே, படியோரத்து அடிமூலையில், சாப்பாட்டுத் தட்டளவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு கறை. சுற்றிலும் பால்போல் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே அது முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

“தெரியுமுங்க” என்றாள்.

“தேய்க்கல?”

“அது என்னோடது இல்லீங்க.”

தனபாலுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய்விட்டார். அவள் சாப்பிடப் போன நேரத்தில் நீளக் கழியை எடுத்து விளிம்பில் நின்றபடியே அந்த இடத்தைத் தேய்க்கப் பார்த்ததாகவும், பிரஷ் படியில் முட்டிக்கொண்டு எட்டவேயில்லை என்றும் சமையல்காரர் வந்து சொன்னார். எட்டாது. மேலே நின்றால் எட்டாது என்பது அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரிந்த விஷயம். இறங்கித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை முதலாளியம்மா வந்தார். காரை விட்டு இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நேராகக் குளத்துக்கு நடந்தார். தனபால் பின்னால் ஓடினார். சின்னத்தம்பியும் சமையல்காரரும் ரூம் பெருக்கும் பெண்களும் மழையைப் பார்ப்பவர்கள்போல வந்து நின்றார்கள். செல்வமேரி பிரஷ்ஷோடு விளிம்பில் நின்றிருந்தாள்.

“உன்னய நிறுத்திட்டதா தனபால் சொன்னாரே. யாரக் கேட்டு வந்த?”

“யாரயும் கேக்கலீங்க மேடம்.”

“அப்பறம்?”

“கறைய எடுக்க வந்தனுங்க. எடுத்துட்டனுங்க.”

புவனா சுற்றி நடந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி, முதல் படியில் பாதத்தை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். சுவரைப் புதுசாகப் பூச வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே மலையேறி வந்தவர். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“நல்லாத்தான் பண்ணியிருக்க. சரி, திங்கக்கிழமையிலிருந்து வேலைக்கு வந்துரு. யாரு போட்டா, எவரு போட்டாங்கிறதெல்லாம் இனிமே பேச வேண்டாம். அந்த மூலையில ஒண்ணு நிக்குது பாரு, அதையும் தேய்ச்சு விட்டுரு.”

எவ்வளவு சுலபம். குனிந்து, இறங்கி, சாக்ஸை ஒரு பாட்டு நேரம் அழுத்திப் பிடித்தால் போதும். வேலை திரும்பக் கிடைக்கும், தொட்டி திரும்பக் கிடைக்கும். செல்வமேரிக்கு அது வேண்டும். நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிற அளவுக்கு வேண்டும். இந்தச் சுவரைவிட்டு இன்னோரிடத்தில் போய் என்ன செய்வாள்? ஆனால் அவள் தேய்த்தால், அது அவள் போட்டது என்று ஆகிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

“அத நான் தேய்க்கமாட்டனுங்க மேடம்.”

“ஏன்?”

“நான் போட்டது இல்லீங்க. மத்தத எல்லாம் எஞ் செவுருங்கிறதால தேய்ச்சனுங்க. அது ஒண்ணு போட்டவரு தேய்க்கட்டுமுங்க.”

“யாரு போட்டது?”

“போட்டவருக்குத் தெரியுமுங்க. நான் சொன்னா பழி சொன்ன மாதிரி ஆயிரும்.”

“நீ தேய்க்கலன்னா வேல இல்ல. தெரியுமில்ல?”

குரல் நடுங்கிவிடுமோ என்று பயந்தாள். நடுங்கத்தான் செய்தது. இருந்தாலும் சொன்னாள்: “தெரியுமுங்க. அது அப்படியே இருக்கட்டும். நான் போயிர்றனுங்க.”

பிரஷ்ஷைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். எலுமிச்சை உப்புப் பொட்டலத்தையும் சாக்ஸையும் படியருகே வைத்தாள். தூக்கை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். சின்னத்தம்பி இந்த முறை யாரும் சொல்லாமலே நகர்ந்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மேடம்.”

தனபாலின் குரல். செல்வமேரி நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“அது... நான் போட்டதுங்க மேடம். துத்தம். தோட்டத்துக்கு வாங்கி வெச்சிருந்தது. காப்பிக்குக் கேக்குதே, பாசிக்கும் கேக்குமின்னு... அவுங்க அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க.”

முதலாளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை.

“அப்ப எறங்கு” என்றார்.

தனபால் ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருட்டி ஷூவுக்குள் வைத்தார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்தார். அந்த மூலைக்கு அது எந்த மூலைக்குப் போதும்? போர்டைத் தாண்டும்போது ஒரு கணம் தயங்கினார். பிறகு இறங்கினார். குளிர் ஏறியதும் அவர் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு ரூம் பெருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

செல்வமேரி திரும்பி வந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். அபிஷாவின் சாக்ஸில் எலுமிச்சை உப்பை நிரப்பி, இறுக்கமாக முடிச்சுப் போட்டு, குனிந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன் பண்ணிய சட்டையோடு கழுத்தளவுக்குக் குனிந்து தனபால் கறையைத் தேய்த்தார். நீலம் மெல்லக் கரைந்து, அவர் விரல்களுக்கு நடுவே புகைபோலக் கிளம்பிப் போனது. செல்வமேரி அவருடைய நீல பிளாஸ்டிக் நாற்காலியை விளிம்புக்கு இழுத்துப்போட்டாள். முந்தானையால் அதன் ஈரத்தைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த ரிசார்ட்டில் நாற்காலியில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

நிறைய நேரம் கழித்து அவர் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்தார்.

“போயிருச்சா?”

செல்வமேரி முன்னால் சாய்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நன்றாகப் பார்த்தாள்.

“ஏனுங்க சார்,” என்றாள், “மூலையில கொஞ்சம் விட்டுட்டீங்க.”